மில் கேட்டைத் திறக்கப் போன அண்ணி

என் அண்ணியைப் பற்றி யார் எழுதினாலும் "கணீரென்ற குரல்" என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். படிக்கும்போதே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஒரு தடவையாவது பக்கத்தில் நின்று கேட்டிருந்தால் இப்படி எழுதியிருக்க மாட்டார்கள். பஞ்சுத் தூசி அரித்த தொண்டை அவளுக்கு. பேசினால் காய்ந்த சருகை மிதித்த மாதிரி இருக்கும். எங்கள் தொகுதியில் நாடாளுமன்றத்துக்கு நின்ற முதல் பெண் என்றால் குரலும் கம்பீரமாக இருந்தாக வேண்டும் என்று அவர்களாகவே முடிவு கட்டிவிடுகிறார்கள். கம்பீரமாவது ஒன்றாவது, ஆள் என் தோளுக்குத்தான் வருவாள்.

நான் அவளுடைய நாத்தனார். நாத்தனார் என்றாலே குடும்பத்தில் கொள்ளி வைப்பவள் என்று ஊரில் ஒரு பேர் இருக்கிறது. அண்ணி கல்யாணமாகி வந்த புதிதில் அந்தப் பேரைக் காப்பாற்ற நானும் என்னால் ஆனதைச் செய்து பார்த்தேன். அவள் சண்டைக்கே வரவில்லை. எதிராளி வாயைத் திறக்காவிட்டால் எவ்வளவு நேரம்தான் ஒற்றை ஆளாகக் கத்துவது? கொஞ்ச நாளில் எனக்கே அலுத்துப்போய் அவளோடு சேர்ந்துவிட்டேன். மேடையில் எல்லாரும் அவளை 'அவர்' என்பார்கள். நேரில் நானும் 'நீங்க' என்றுதான் கூப்பிடுவேன். மனசுக்குள் எப்போதும் அவள் 'அவள்'தான்.

இருவரும் ஒரே மில்லில் தறி ஓட்டினோம். அவள் தறிக்கு நேர் எதிரே என் தறி. என் அண்ணன் அங்கேயே தறி மெக்கானிக். மில்லில் எனக்கு வைத்த பேர் மிளகா. ஏன் என்று சொல்ல வேண்டியதில்லை. அவளை நான் அண்ணி என்று கூப்பிட்டதைக் கேட்டு மொத்தக் கொட்டகையும் அண்ணி என்றே கூப்பிட ஆரம்பித்தது. அவளைவிட வயதில் மூத்தவர்களும் அப்படித்தான் கூப்பிட்டார்கள்.

தறிக்கொட்டகைக்குள் போகாதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அத்தனை தறிகளும் ஒன்றாக ஓடும்போது காதருகே இடி விழுந்தாலும் தெரியாது. கத்தினாலும் பயனில்லை. அதனால் நாங்கள் கத்த மாட்டோம். சத்தமே இல்லாமல், உதட்டை மட்டும் நன்றாக அசைத்துப் பேசுவோம். எதிரில் இருப்பவள் உதட்டைப் பார்த்தே புரிந்துகொள்வாள். இதற்கு உதட்டுப் பேச்சு என்று பேர். ஒரு மூலையில் ஒருத்தி சொன்னது வரிசை வரிசையாகத் தாண்டி அடுத்த மூலைக்குப் போய்விடும். மேஸ்திரியைப் பற்றி அவர் கண்ணெதிரிலேயே என்னவெல்லாமோ பேசியிருக்கிறோம். பாவம், நல்ல மனிதர், ஏதோ பாட்டுப் பாடுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு வந்தாலும் பழக்கம் விடாது. சாப்பாட்டு மேசையில் அம்மா ஒரு பக்கம் பேசிக்கொண்டிருப்பாள், நாங்கள் இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து உதட்டிலேயே ஊர்வம்பு பேசுவோம்.

"என்னடி இது, ரெண்டு பேரும் மீன் மாதிரி வாயத் தொறந்து தொறந்து மூடுறீங்க? என்னப் பத்தித்தான பேசுறீங்க?" என்பாள் அம்மா.

பாதி நேரம் அது உண்மைதான்.

அண்ணிக்கு ஒரு பெண் குழந்தை பிறந்தது. தவழ ஆரம்பித்து, எதையாவது பிடித்துக்கொண்டு நிற்கப் பழகிய சமயம். நாங்கள் வேலைக்குப் போனால் அம்மாதான் பார்த்துக்கொள்வாள். ஒரு நாள் காலையில் லேசாக இருந்த காய்ச்சல் வெயில் ஏற ஏற அனலாகிவிட்டது. குழந்தைக்குக் கண் செருகியதும் அம்மா பயந்துபோய் அதைத் தூக்கிக்கொண்டு மில் வாசலுக்கு ஓடி வந்துவிட்டாள். கேட் பூட்டியிருந்தது. வேலை நேரத்தில் கேட் பூட்டியேதான் இருக்கும். மேனேஜர் கையெழுத்துப் போட்ட சீட்டு இல்லாமல் யாரும் வெளியே போக முடியாது.

வாசலைப் பார்த்த ஜன்னலோரம் நின்றிருந்தவள் அம்மாவைப் பார்த்திருக்கிறாள். "அண்ணியோட பிள்ளை வாசல்ல" என்று உதட்டில் சொன்னாள். அது தறி தறியாகத் தாண்டி வந்து என்னிடம் சேர்ந்தது. நான்தான் அண்ணியிடம் சொன்னேன். அவள் தறியை நிறுத்தக்கூட இல்லை, அப்படியே ஓடினாள். நான் மேனேஜர் அறைக்கு ஓடினேன். அவர் சாப்பிடப் போயிருந்தார்.

கம்பிக் கதவுக்கு இந்தப் பக்கம் அவள், அந்தப் பக்கம் அம்மா கையில் குழந்தை. அண்ணி கம்பிக்கு நடுவே கையை விட்டுக் குழந்தையின் காலைப் பிடித்துக்கொண்டாள். வாட்ச்மேன் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு அழுதார், ஆனால் திறக்கவில்லை. திறந்தால் அவர் வேலை போய்விடும், அவருக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். சீட்டு வந்து கேட் திறந்து நாங்கள் டாக்டர் வீட்டுக்குப் போவதற்குள், வழியிலேயே, அம்மா கையிலேயே எல்லாம் முடிந்துவிட்டது.

இதற்கு மேல் என்னால் எழுத முடியாது. அதனால் இத்தோடு விடுகிறேன்.

துக்கம் முடிந்து வேலைக்குப் போன முதல் நாளே அண்ணி மேனேஜர் அறைக்குப் போனாள். நானும் துணைக்குப் போனேன். அவள் திட்டவில்லை. "அந்த விதிய மாத்துங்க சார்" என்று மட்டும் கேட்டாள். மேனேஜர் கெட்டவர் இல்லை, ஆனால் கை கழுவத் தெரிந்தவர்.

"நான் என்னம்மா பண்ணுவேன்? இது மில் விதி இல்ல, நாட்டோட சட்டம். நாடாளுமன்றத்துல எழுதுனது. மாத்தணும்னா அங்க போய்த்தான் சொல்லணும்" என்றார்.

சொன்னவர் அதை மறந்திருப்பார். அண்ணி மறக்கவில்லை. அன்று சாயங்காலம் நடந்து வரும்போது என்னிடம் கேட்டாள்.

"மிளகா, அங்க எப்படிப் போறது?"

"எங்க?"

"நாடாளுமன்றத்துக்கு. அங்க போய்ச் சொல்லணும்னாரே."

எனக்கு அப்போது சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. எங்கள் நாட்டில் பெண்களுக்கு ஓட்டுரிமை வந்து வெகுகாலம் ஆகிவிட்டது. எங்கள் அம்மாவே ஓட்டுப் போட்டிருக்கிறாள். ஆனால் நிற்க முடியாது. 'வயது நிரம்பிய ஆண் எவரும்' நிற்கலாம் என்று சட்டத்தில் இருந்தது. வீட்டைப் பெருக்கிக் கோலம் போட்டு வைத்துவிட்டு, விருந்து நடக்கும்போது அடுப்படியிலேயே இரு என்பது மாதிரி. ஓட்டைப் போடு, உள்ளே வராதே. வந்தால் மாடியில் பார்வையாளர் மாடத்தில் உட்கார்ந்து வேடிக்கை பார். அதுவும் வாய் திறக்காமல்.

அந்தச் சட்டத்தை மாற்றச் சொல்லி ஏற்கெனவே பல ஊர்ப் பெண்கள் போராடிக்கொண்டிருந்தார்கள். டீச்சர்கள், நர்ஸ்கள், வக்கீல் வீட்டுப் பெண்கள். அண்ணி அவர்கள் கூட்டத்துக்குப் போய்க் கடைசி வரிசையில் உட்கார ஆரம்பித்தாள். விடுமுறை நாள் தவறாமல் போனாள். மற்றவர்கள் சமத்துவம், நீதி என்று பெரிய பெரிய வார்த்தை பேசுவார்கள். இவள் முறை வந்தால், "எனக்கு ஒரு கேட்டத் தொறக்கணும். அதுக்குத்தான் வந்தேன்" என்பாள். முதலில் விழித்தார்கள். கதையைக் கேட்ட பிறகு அவளை முன்வரிசைக்கு அழைத்து உட்கார வைத்தார்கள்.

ஆண்டுக்கு ஆண்டு அந்த மசோதா வரும், தோற்கும். எதிர்த்துப் பேசியவர்கள் சொன்ன காரணங்களைப் பேப்பரில் போடுவார்கள். மதியச் சாப்பாட்டு வேளையில் நான் உரக்கப் படிப்பேன், கொட்டகையே விழுந்து விழுந்து சிரிக்கும். பெண்கள் வந்தால் வீட்டில் சமையல் நின்றுவிடும் என்றார் ஒருவர். சபையில் பெண்களுக்குக் கழிப்பறை இல்லை என்றார் இன்னொருவர், அதைக் கட்டக் கொத்தனாரே கிடைக்காத மாதிரி. ஒருவர் எழுந்து, "பெண்களின் குரல் மென்மையானது, அவ்வளவு பெரிய மண்டபத்தில் யார் காதிலும் விழாது" என்றாராம். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்பார்களே, இங்கே ஆட வந்தவர்கள் நாங்கள், கூடம் கோணல் என்றது அவர்கள்.

கடைசியில் ஒரு வருஷம், காற்று எப்படித் திரும்பியதோ, மசோதா தேறிவிட்டது. பெரிதாக ஒன்றும் எழுதவில்லை. 'ஆண்' என்ற சொல்லை மட்டும் எடுத்துவிட்டார்கள். ஒற்றைச் சொல்லை எடுக்க அத்தனை பேர் அத்தனை காலம் நாடாளுமன்றப் படிக்கட்டில் நின்றிருக்கிறோம்.

அண்ணி நிற்கிறேன் என்றதும் வீட்டில் என்ன நடக்குமோ என்று நான் காத்திருந்தேன். அண்ணன் தலையைச் சொறிந்தான்.

"தோத்துட்டா என்ன பண்ணுவ?"

"தறிக்குப் போவேன்."

"ஜெயிச்சுட்டா?"

மூலையில் துணி மடித்துக்கொண்டிருந்த அம்மாதான் நிமிராமல் சொன்னாள்.

"போம்மா. போய்ச் சொல்லிட்டு வா. கையில வெச்சிருந்தது நான்தான."

குழந்தை போன பிறகு அந்த நாளைப் பற்றி அம்மா பேசியது அதுவே முதல் தடவை. அண்ணி எழுந்து போய் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து மிச்சத் துணியை மடித்தாள். அண்ணன் மறுநாளே பசை வாளியோடு சுவரொட்டி ஒட்டக் கிளம்பிவிட்டான்.

வேட்புமனுத் தாக்கல் செய்யப் போனது தனிக் கூத்து. சட்டம் மாறிவிட்டது, ஆனால் அச்சடித்த தாள் பழையது. அதில் 'வேட்பாளரின் மனைவி பெயர்' என்று ஒரு கட்டம். அதிகாரிக்கு அதை என்ன செய்வதென்று தெரியவில்லை. காலியாக விட்டால் மனு தள்ளுபடி ஆகிவிடும் என்று பயமுறுத்தினார்.

"எனக்கு மனைவி இல்ல சார். நாத்தனார்தான் இருக்கா. போட்டுக்கலாமா?" என்று கேட்டாள் அண்ணி.

அதிகாரி யோசித்து யோசித்து என் பேரைப் போட்டுக்கொண்டார். அரசாங்கத் தாளில் நான் இன்றுவரை அவளுக்கு மனைவி. அண்ணன் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பான்.

ஆனால் எங்களிடம் ஒரு ரகசியம் இருந்தது. அண்ணிக்குக் காது போய்விட்டது. தறிக்கொட்டகையில் எல்லாருக்குமே காது கொஞ்சம் கொஞ்சமாகப் போகும். அவளுக்கு மொத்தமாகப் போயிருந்தது. உதட்டைப் படிக்கத் தெரிந்ததால் பக்கத்தில் நின்று பேசுகிறவர்களுக்குத் தெரியாது. அண்ணனுக்கே சந்தேகம்தான், தீர்மானமாகத் தெரியாது. எனக்கு மட்டும் தெரியும். ஒரு நாள் அவளுக்குப் பின்னால் தட்டு விழுந்து உடைந்தது, அவள் திரும்பவில்லை.

"யாருக்கும் சொல்லாத. செவிடிய எவன் உள்ள விடுவான்? கேட் தொறக்கட்டும், அப்புறம் சொல்லிக்கலாம்" என்றாள்.

அதனால் ஓர் ஏற்பாடு செய்துகொண்டோம். எந்தக் கூட்டமானாலும் நான் கடைசியில் ஒரு பெஞ்சு மேல் ஏறி நிற்பேன். கேள்வி வந்தால் நான் உதட்டில் சொல்வேன், அவள் அங்கிருந்து பார்த்துப் பதில் சொல்வாள். தறிக்கொட்டகை நீளத்துக்குப் பழகிய கண்ணுக்கு இதெல்லாம் ஒரு தூரமா? நன்றாகவே நடந்தது. கேள்வி முடிந்ததும் ஒரு நிமிஷம் நிதானித்துப் பதில் சொல்வதைப் பார்த்து, "ஆழமா யோசிக்கிற பொம்பள" என்று பேர் வேறு வந்துவிட்டது.

ஓட்டுப் பதிவுக்கு முந்தின வாரம் நகர மண்டபத்தில் எல்லா வேட்பாளருக்கும் பொதுக்கூட்டம். மண்டபம் நிரம்பி வழிந்தது. முன்வரிசையில் எங்கள் மில் பெண்கள், பின்னால் எல்லாம் ஆண்கள். நான் வழக்கம்போல் கடைசிப் பெஞ்சில் ஏறி நின்றேன். தண்ணீர் வரி பற்றிக் கேட்டார்கள், பள்ளிக்கூடம் பற்றிக் கேட்டார்கள், எல்லாவற்றுக்கும் பதில் சொன்னாள். அப்போது மரக்கடைக்காரர் எழுந்தார். எதிர்க்கட்சி வேட்பாளருக்கு வலது கை அவர்.

"பெத்த பிள்ளையவே காப்பாத்த முடியாதவ, ஊர எப்படிக் காப்பாத்துவா?"

அண்ணி என்னைப் பார்த்தாள். சிரித்த முகமாக, அடுத்த கேள்விக்குத் தயாராக. அந்த முகத்தைப் பார்த்து அதை நான் எப்படிச் சொல்வேன்? வாசலில் பிள்ளை என்று ஒரு தடவை சொன்ன உதடு இது. இன்னொரு தடவை முடியாது. என் வாயில் தானாக வந்தது, "தெரு விளக்கு எப்ப வரும்னு கேக்குறார்."

"தெரு விளக்குதான? நான் வந்ததும் முதல் வேலையா..." என்று ஆரம்பித்தாள் அண்ணி.

பின்னாலிருந்து ஆண்கள் வெடித்துச் சிரித்தார்கள். அந்தச் சத்தம் அவளுக்குக் கேட்காது. ஆனால் முன்வரிசைப் பெண்கள் யாரும் சிரிக்கவில்லை. அத்தனை பேரும் கேள்வி கேட்டவரைத் திரும்பிப் பார்த்தபோதே என் உதட்டையும் படித்திருந்தார்கள், இப்போது மறுபடி அவள் பக்கம் திரும்பினார்கள். இரண்டு மூன்று பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். தெரு விளக்குக்கு யாராவது அழுவார்களா? அவள் பாதியில் நிறுத்தினாள்.

"மிளகா, அவர் என்ன கேட்டார்?" மைக்கிலேயே கேட்டாள்.

நான் கையால் வாயைப் பொத்திக்கொண்டேன்.

அண்ணி மைக்கைச் சரியாகப் பிடித்துக்கொண்டாள். "எல்லாரும் மன்னிக்கணும். எனக்குக் காது கேக்காது. தறி தின்னுடுச்சு. பின்னாடி நிக்கிறாளே, என் நாத்தனா, அவதான் கேள்விய உதட்டுல சொல்லுவா. இப்ப அவ எனக்குக் காது குத்துறா. நீங்க என்ன கேட்டீங்க சார்? என்னப் பாத்து மெதுவாக் கேளுங்க. நானே புரிஞ்சுக்குவேன்."

மரக்கடைக்காரர் வாயைத் திறந்தார், மூடினார். கூட்டத்தை நோக்கிச் சொல்லும்போது சுலபமாக இருந்தது. ஒரு பெண் தன் உதட்டையே கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருக்கும்போது அந்த வார்த்தை அவருக்கு வரவில்லை. உட்கார்ந்துவிட்டார்.

"மிளகா" என்றாள் அண்ணி மறுபடியும். "நீ சொல்லு."

சொன்னேன். ஒவ்வொரு சொல்லாக, எதையும் மாற்றாமல். அவள் கடைசி வரை பார்த்தாள். பிறகு மைக்கைக் கொஞ்சம் கீழே இறக்கி, அந்தச் சருகுக் குரலில் பேசினாள்.

"நியாயமான கேள்விதான். என்னால காப்பாத்த முடியல. கம்பிக்கு இந்தப் பக்கம் நின்னு கால மட்டும் பிடிச்சுக்கிட்டு இருந்தேன். கால் சுட்டுச்சு. அப்புறம் சுடல. அந்தக் கேட்டப் பூட்டச் சொல்லிச் சட்டம் எழுதுனாங்களே, எழுதும்போது அந்த ரூம்ல ஒரு அம்மாகூட இல்ல. இருந்திருந்தா, 'பிள்ளைக்கு முடியலன்னா என்ன பண்றது?'ன்னு ஒரு வார்த்த கேட்டிருப்பா. அதக் கேக்கத்தான் நான் போறேன். வேற ஒண்ணும் எனக்குத் தெரியாது. தெரு விளக்குக்கும் முயற்சி பண்றேன்."

அன்று நான் செய்தது தப்பு, அதனால்தான் ரகசியம் உடைந்தது என்று பலர் சொன்னார்கள். அண்ணன்கூடச் சொன்னான். சொல்லட்டும். இன்றைக்கு அதே பெஞ்சில் ஏற்றி நிறுத்தினாலும் நான் தெரு விளக்கென்றுதான் சொல்வேன்.

அவள் தோற்றாள். அந்தக் கூட்டத்துக்கு மறுநாளே ஊர் முழுக்க, 'செவிடன் காதில் ஊதிய சங்கா உங்கள் ஓட்டு?' என்று சுவரொட்டி ஒட்டிவிட்டார்கள். அண்ணி அதன் முன்னால் நின்று படித்துவிட்டு, "எனக்கு மில் சங்கு கேக்காதுதான். ஆனா ஒரு நாளாவது ஷிப்ட்டுக்கு லேட்டா வந்திருக்கேனா?" என்று கேட்டாள். முடிவு வந்த மறுநாள் காலை, சொன்னபடியே தறிக்குப் போனாள். கொட்டகையில் யாரும் ஆறுதல் சொல்லவில்லை. அவள் தறிக்கு நூல் மாட்டி, எண்ணெய் விட்டு, துடைத்துத் தயாராக வைத்திருந்தார்கள். அதைப் பார்த்த பிறகுதான் அவளுக்கு அழுகை வந்தது.

அடுத்த தேர்தலில் மறுபடி நின்றாள். இந்த முறை மறைக்க ஒன்றும் இல்லை. நான் பெஞ்சில் ஒளிந்து நிற்காமல் மேடையிலேயே அவளுக்கு எதிரில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். இதற்கிடையில் ஊர்க்காரர்கள் அவளிடம் பேசும்போது நேரே முகத்தைப் பார்த்து, நிறுத்தி நிதானமாகப் பேசப் பழகியிருந்தார்கள். அப்படிப் பேசும்போது பாதிப் பேருக்குப் பொய் வராது என்பதையும் அண்ணி கண்டுபிடித்திருந்தாள். ஒரு நாள் மரக்கடைக்காரர் எங்கள் வாசலில் வந்து நின்றார். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, அவள் பார்க்கும்படி, "என் வீட்டு ஓட்டு உங்களுக்குத்தாம்மா" என்றார். அண்ணி அவருக்கு டீ போட்டுக் கொடுத்தாள். நானாயிருந்தால் உப்பைப் போட்டிருப்பேன்.

ஜெயித்தாள். அம்மா அதைப் பார்க்க இருந்தாள் என்பதில் எனக்குத் தீராத சந்தோஷம்.

நாடாளுமன்றத்தில் உறுப்பினர் அல்லாதவர் சபைக்குள் உட்கார முடியாது. அதனால் நான் பார்வையாளர் மாடத்தில், அவள் இருக்கைக்கு நேர் எதிரே, முன்வரிசையில் உட்காருவேன். மாடத்தில் சத்தம் போடக் கூடாது என்பது விதி. நான் சத்தம் போடவில்லையே! அங்கிருந்த காவலர்களுக்கு முதலில் புரியவில்லை.

"என்னம்மா, எந்நேரமும் மென்னுக்கிட்டே இருக்கீங்க? இங்க சாப்பிடக் கூடாது" என்றார் ஒருவர்.

"பல்லு வலிங்க" என்றேன். அவர் கிராம்பு கொண்டுவந்து கொடுத்தார், பாவம்.

கேட் சட்டத்தை மாற்றும் மசோதாவை அவள் கொண்டுவந்தபோது, முதலில் அதை வரிசையிலேயே எடுக்கவில்லை. வேறு பெரிய பெரிய விஷயங்கள் இருந்தனவாம். விடாமல் கேட்டுக்கொண்டே இருந்தாள். இடைவேளையில் உறுப்பினர்களை ஒவ்வொருவராகப் பிடித்து, "உங்க வீட்டுல பிள்ளைங்க எத்தன?" என்று ஆரம்பிப்பாள். எங்கள் மில்லில் மட்டும் இல்லை, நாடு முழுக்க எல்லா ஆலைகளிலும் கேட் அப்படித்தான் பூட்டிக்கிடந்தது. குழந்தைக்கோ வீட்டில் யாருக்கோ ஆபத்து என்று சொல்லி வந்தால் சீட்டுக் கேட்காமல் உடனே திறக்க வேண்டும். மசோதா அவ்வளவுதான். இரண்டு வரி.

வாக்கெடுப்பு நாளில் அவள் அதற்காகப் பேசினாள். அந்தக் கரகரப்பு யாருக்கும் சரியாகக் கேட்கவில்லை. கேட்க வேண்டுமானால் மற்றவர்கள் வாயை மூட வேண்டும். மூடினார்கள். தாள் புரட்டுவதைக்கூட நிறுத்தினார்கள். அவள் குழந்தையைப் பற்றிச் சொல்லி முடித்து உட்கார்ந்ததும் சபாநாயகர் குரல் வாக்கெடுப்பு என்று அறிவித்தார். ஆதரிப்பவர்கள் 'ஆம்' என்று கத்த வேண்டும், எதிர்ப்பவர்கள் 'இல்லை' என்று கத்த வேண்டும். எந்தச் சத்தம் பெரிதோ அது ஜெயிக்கும். காது கேட்காதவளுடைய மசோதாவை இப்படியா முடிவு செய்வார்கள்? ஆனால் விதி அதுதான்.

முதலில் ஒரு பெரிய சத்தம். பிறகு இன்னொரு சத்தம். அண்ணிக்குத் தெரிந்ததெல்லாம் சுற்றிலும் வாய்கள் திறந்து மூடியதுதான். இரண்டு தடவையும் எத்தனை வாய் திறந்தது என்று அவள் தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள், கண்ணுக்கு எட்டவில்லை. சபாநாயகர் தாளைக் குனிந்து பார்த்துக்கொண்டே முடிவைச் சொன்னார், அவர் உதடும் தெரியவில்லை. அவள் நிமிர்ந்து மாடத்தில் என்னைப் பார்த்தாள்.

'ஆம்' ஜெயித்திருந்தது. நான் சொல்ல வேண்டியது ஒரே ஒரு வார்த்தை. ஊரில் மிளகா என்று பேர் வாங்கியவள், மேஸ்திரி முன்னால் ஊர்வம்பு பேசியவள் நான், ஆனால் என் உதடு அன்றைக்கு எனக்கு அடங்கவில்லை. கோணிக்கொண்டு போகிறது. கண்ணில் தண்ணீர் கொட்டுகிறது. அவள் என் முகத்தைப் பார்த்தாள். அழுகிறேன் என்றால் தோற்றுவிட்டது என்றுதானே அர்த்தம்? அவள் முகம் வெளிறிப்போனதை நான் மேலிருந்து பார்த்தேன். மெதுவாகத் தலையைக் குனிந்துகொண்டாள். குனிந்துவிட்டால் பிறகு நான் எதைச் சொல்லி என்ன?

எழுந்து கத்திவிட்டேன். "அண்ணி! ஜெயிச்சுட்டோம் அண்ணி!" கேட்காது என்று தெரிந்தும் கத்தினேன். சபை மொத்தமும் அண்ணாந்து பார்த்தது. அவளைத் தவிர. பக்கத்து இருக்கைக்காரர் அவள் தோளைத் தொட்டு மேலே காட்டியபோது, இரண்டு காவலர்கள் என் கைகளைப் பிடித்து வெளியே இழுத்துப் போய்க்கொண்டிருந்தார்கள். கிராம்பு கொடுத்தவர் அதில் ஒருவர்.

படி இறங்கி நடைபாதைக்கு வந்தபோது சபைக் கதவைத் தள்ளிக்கொண்டு அவள் ஓடி வந்தாள். உறுப்பினர்கள் ஓடக் கூடாதாம், அதுவும் ஒரு விதி.

"எதுக்கு உன்னப் பிடிச்சிட்டுப் போறாங்க? என்ன ஆச்சு? போச்சா?"

நான் மூச்சைப் பிடித்து, உதட்டை நிதானப்படுத்திக்கொண்டு சொன்னேன். "தொறந்துட்டாங்க அண்ணி. கேட்டத் தொறந்துட்டாங்க."

அவள் என் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். "இன்னொரு தடவ சொல்லு."

"கேட்டத் தொறந்துட்டாங்க."

"இன்னொரு தடவ."

காவலர்கள் என் கையை எப்போது விட்டார்கள் என்று எனக்குத் தெரியாது. நான் சொல்லிக்கொண்டே இருந்தேன், அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். கண்ணீர் அது பாட்டுக்கு வழிந்துகொண்டிருந்தது. அழும்போது எல்லாரும் கண்ணை மூடிக்கொள்வார்கள். அவள் மூடவில்லை. மூடினால் நான் சொல்வது அவளுக்குக் கேட்காது.